கேளுங்கள்... சொல்கிறோம்: விண்ணிலிருந்து சிக்னல்

கேள்வி: வேற்றுக்கிரக சிக்னலா, நம்முடைய இரைச்சலா என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: ஆன்டெனாவைத் திருப்பித்தான். நட்சத்திரத்தை நோக்கி 5 நிமிடம், சற்றுத் தள்ளி 5 நிமிடம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். தள்ளியபோதும் கேட்டால் அது உள்ளூர்ச் சரக்கு. பூமி சுழல்வதால் வெளியிலிருந்து வருவதன் அதிர்வெண் மெல்ல நகரவும் வேண்டும். 2019-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில், சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரியின் திசையில், 982 மெகாஹெர்ட்ஸில் பதிவான சிக்னல் இரண்டு சோதனையிலும் தேறிவிட்டது! அதே ஜாடையில் வேறு அதிர்வெண்களிலும் சிக்னல்கள் இருந்ததை, தொலைநோக்கி நட்சத்திரத்தை விட்டு விலகியபோதும் அவை வந்ததைத் தோண்டியெடுத்த பிறகே, மனிதக் கருவியின் குறுக்கீடு என்று 2021-இல் முடிவானது.

கேள்வி: பட்டம் இல்லாமல் ரேடியோ வானியல் கற்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஹைட்ரஜனில் தொடங்குங்கள், அது 1420.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவர்), சிறிய டிஷ், ஃபில்டருடன் கூடிய குறையிரைச்சல் ஆம்ப்ளிஃபையர் (தன் இரைச்சலை அதிகம் சேர்க்காமல் சிக்னலைப் பெருக்குவது) போதும். ஆம்ப்ளிஃபையரை ஆன்டெனாவை ஒட்டியே மாட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: நீளக் கேபிளுக்குப் பின் மாட்டினால், கேபிளில் தேய்ந்துபோன சிக்னலைத்தான் அது பெருக்கும். முதலில் பால்வீதி இல்லாத திசையில் சில நிமிடம் பதிந்து சராசரி எடுங்கள். பிறகு பால்வீதியில் பதிந்ததை அதனால் வகுத்தால், அதிர்வெண் வரைபடத்தில் ஹைட்ரஜனின் மேடு தெரியும். அது 0.47 மெகாஹெர்ட்ஸ் கீழே நகர்ந்திருந்தால், வாயு விநாடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. நகர்வதால் அதிர்வெண் மாறும் இந்த டாப்ளர் பாடத்தை அப்போது படியுங்கள், மனதில் ஒட்டும்.