புது இலையில் ஓட்டை: மக்னோலியாவைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்பு நர்சரியில் தொட்டியோடு ஒரு மக்னோலியா வாங்கினேன். இலை உதிராத வகை, பெரிய பளபளப்பான இலை. இப்போது விரியும் புது இலைகளில் சில ஓட்டையும் கிழிசலுமாக இருக்கின்றன, சிலவற்றில் ஓரம் கருகியிருக்கிறது. அடியில் பழைய இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. கடையில் கேட்டால் நான் தண்ணீர் ஊற்றும் முறை தவறாம்; ஒரு பூச்சிமருந்தும் உரமும் வாங்கிப் போகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? செடியையே திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: மருந்து, உரம் இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். என்ன கோளாறு என்று தெரியாமல் ஊற்றும் உரம், வேர் நொந்துபோன செடிக்குப் பெரிய கெடுதல்.

முதலில் ஓட்டை விழுந்த இலை ஒன்றைக் கையில் பிடித்து நடுநரம்பை ஒட்டி மெதுவாக மடித்துப் பாருங்கள். மக்னோலியாவின் இலை மொட்டுக்குள் இருக்கும்போது இப்படித்தான் இரண்டாக மடிந்து, ஒரு உறைக்குள் இருக்கும். மடித்ததும் இந்தப் பாதியின் ஓட்டையும் அந்தப் பாதியின் ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால், மொட்டாக இருக்கும்போதே அடிபட்டிருக்கிறது என்று பொருள். பூச்சி கடித்திருக்கலாம், குளிர் தாக்கியிருக்கலாம், வண்டியில் ஏற்றி இறக்கும்போது நசுங்கியிருக்கலாம். ஒரு பாதியில் மட்டும், அதுவும் ஓரத்தில் கடித்த மாதிரி இருந்தால் விரிந்த பிறகு வந்த வேலை. இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். நத்தையோ வண்டோ கையும் களவுமாகச் சிக்கும், மருந்துச் செலவு மிச்சம்.

அப்புறம் அதே கிளையில் வரிசையைப் பாருங்கள். முதலில் விரிந்தது கெட்டும் பிறகு வந்தது நன்றாகவும் இருந்தால் ஆபத்து கடந்துவிட்டது. ஒவ்வொரு துளிரும் முந்தியதைவிட மோசமாக வந்தால் கோளாறு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஓரம் கருகுவது வேறு கதை. அநேகமாக அது வேருக்குத் தண்ணீர் சரியாகப் போகாததால் வருவது. பல நாள் ஒரே தொட்டியில் இருந்த செடியின் வேர்கள் சுற்றிச் சுற்றி வளர்ந்து இறுகிவிடும். ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து அடியில் ஓடிவிடும்; மேல்மண் ஈரம், நடுவில் வறட்சி. ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். எடை கூடவே இல்லை என்றால் இதுதான். உரத்தின் உப்பு தேங்கினாலும் நுனி கருகும். அதற்கு வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி அடியில் வடிய விட்டால் போதும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று சந்தேகப்படலாம். இந்தச் செடிக்குச் சற்றுப் புளிப்புத் தன்மையுள்ள மண்தான் ஒத்துவரும். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் ஒத்துவராது.

பழைய இலை விழுவதற்குக் கவலை வேண்டாம். இலை உதிராத மரம் என்றாலும் ஓர் இலை ஏறக்குறைய இரண்டு வருடம்தான் இருக்கும். புதுத் துளிர் வரும்போது பழையது விழும். இலையின் அடியில் துருப்பிடித்த மாதிரி மெத்தென்ற பூச்சு இருந்தால் அதுவும் நோயில்லை, பிறவியிலேயே அப்படி. இதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சரி, திருப்பிக் கொடுப்பது? தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு மெதுவாக உருவிப் பாருங்கள். மக்னோலியாவின் வேர் தடிப்பாகவும் சதைப்பற்றாகவும் இருக்கும், எளிதில் ஒடியும், மண்ணை உதறாதீர்கள். வேர் பழுப்பாகிக் குழைந்து நாற்றமடித்தால் அழுகல். தடித்த வேர்கள் சுருளாகச் சுற்றி இறுகியிருந்தால் அது இரண்டு மாதத்தில் உண்டானதாக இருக்காது, கடையிலிருந்தே வந்தது. இந்தச் சுருள்தான் உங்கள் பக்கத்து ஆதாரம். வேர், முழுச்செடி, இலையின் இரு பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து, பில்லோடு எழுத்தில் மாற்றுச்செடி கேளுங்கள். வேறு தொட்டிக்கு மாற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாற்றியபின் பழி உங்கள் மேல் வரும். அழுகல் மட்டும் இருந்தால் வழக்கு அவ்வளவு வலுவில்லை, வீட்டில் தண்ணீர் அதிகமானாலும் அது வரும். வேர் நன்றாக இருந்து, இலையில் ஓட்டை மட்டும் என்றால் திருப்பிக் கேட்பது நியாயமில்லை. அந்தச் செடி பிழைத்துக்கொள்ளும்.

கெட்ட இலை மறுபடி சரியாகாது. ஆனாலும் வெட்டிவிடாதீர்கள், பச்சையாக மிஞ்சிய பகுதி இன்னும் செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது.