கொழுக்கட்டைப் புல் கோடையில் செத்துவிடுகிறதா?

ஐப்பசியில் பச்சைப்பசேல் என்றிருந்த கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், மாசியில் வைக்கோல் நிறமானதும் புல் பட்டுப்போனது என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

மழை நின்று மண் காயும்போது, புல் இலைகளில் இருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியை அடித்தூருக்கும் வேருக்கும் இறக்கிக்கொள்கிறது. மேலே நிற்பது வெறும் கூடு. காங்கேயம் பக்கத்து மாடுகள் கோடையில் மேய்வதும் இதைத்தான். சத்து குறைவு, ஆனால் வயிறு நிறையும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, தூரை இரண்டு விரலால் கிள்ளுங்கள். கெட்டியாக, உள்ளே வெளிர்பச்சையாக இருந்தால் அடுத்த மழைக்குச் சில நாளில் துளிர்க்கும். பொலபொலவென்று உதிர்ந்தால் போனதுதான்.

கதிரையும் கவனியுங்கள். புதிதாக வரும்போது சுணைகளில் ஊதாச் சாயல் இருக்கும், முற்றியதும் வெளிறிவிடும். காலை ஏழு மணி வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் ஒவ்வொரு கதிரும் விளக்குத் திரி போல எரியும். நண்பகலில் போனால் ஒன்றும் தெரியாது.

கெடுவது இரண்டு இடத்தில். ஒட்ட மேயவிட்டால் தூர் வெயிலில் காய்ந்துவிடும். நாலு விரற்கடை உயரமாவது விடுங்கள். அறுத்த விதையை உடனே தூவினால் முளைப்பு மோசமாக இருக்கும், அதற்கு உறக்ககாலம் உண்டு. ஆறு மாதமாவது உலர்வாக வைத்திருந்து, மழைக்கு முன் அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் விதையுங்கள்.