கப்பல் துறைல யாரையும் தெரியாதே, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பாலிடெக்னிக்ல மரைன் டிப்ளமா முடிக்கப் போறேன், சொந்தத்துல யாரும் ஷிப்பிங்ல இல்ல, ஆள் பழக்கம் எப்படிப் பிடிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க தம்பி. நம்ம சிங்கப்பூர்ல அது அவ்ளோ கஷ்டமில்ல. 20 அடி கணக்குல 2024ல 4.1 கோடி கன்டெய்னர் கையாண்ட துறைமுகம் இது, கப்பல் ஓனர், புரோக்கர், பங்கர் (கப்பல் எரிபொருள்) வியாபாரி, இன்சூரன்ஸ்காரர், வக்கீல்னு எல்லாரும் இந்தச் சின்ன ஊருக்குள்ளயேதான் சுத்துறாங்க, ஒருத்தரைத் தெரிஞ்சா பத்து பேர் வந்துடுவாங்க.

மார்ச், ஏப்ரல் வாக்குல சிங்கப்பூர் மாரிடைம் வீக்னு கப்பல் துறைக்காரங்க கூடுற நிகழ்ச்சி நடக்கும், ஸ்டூடன்ட் வாலன்டியரா போக வழி இருக்கான்னு லெக்சரரைக் கேளுங்க. 2004ல நார்வேல ஆரம்பிச்ச யங்ஷிப்ங்கிற கப்பல் துறை அமைப்புக்கு இங்கயும் கிளை இருக்கு, இளசுங்கதான் அதுல. சார்ட்டரிங் (கப்பலை வாடகைக்குப் பேசி விடுறது) பக்கம் போகணும்னா சார்ட்டர்ட் ஷிப்புரோக்கர்ஸ் இன்ஸ்டிடியூட் பரீட்சை எழுதுங்க, கூடப் படிக்கிறவங்க பாதிப் பேர் ஏற்கனவே வேலைல இருப்பாங்க.

இந்த மாதிரி கூட்டத்துக்கு நான் முதல் தடவ போனப்ப மூலைல நின்னு கறி பஃப் தின்னுட்டு வந்தேன், அவ்ளோதான் (கறி பஃப் நல்லா இருந்துச்சு). போனதும் வேலை இருக்கான்னு கேக்காதீங்க, லேடைம் (சரக்கு ஏத்தி இறக்கக் குடுக்குற நேரம்) கணக்குல ஏன் சண்டை வருதுன்னு கேளுங்க, மனுஷன் அரை மணி நேரம் பேசுவார். மறுநாளே லிங்க்டின்ல ரெண்டு வரி, என்ன பேசினோம்னு ஞாபகப்படுத்தி அனுப்பிடுங்க.