ரோலர் கோஸ்டருக்கு எந்த ராக் பேண்ட்? – வாசகர் கேள்வி பதில்

ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் ஏரோஸ்மித் இசைக்குழுவின் பெயரில் 1999 முதல் ஓடிய ரோலர் கோஸ்டரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு ராக் பேண்டை மையமாக வைத்து ரோலர் கோஸ்டர் வடிவமைக்கிறோம். குழுவில் ஆளுக்கொரு பேண்டின் பெயரைச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? – வடிவமைப்பு மாணவர், கோவை

பேண்டின் பெயரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் உங்கள் தடத்தின் வரைபடத்தையும் ஒரு ஸ்டாப்வாட்சையும் எடுங்கள். ரயில் கிளம்பியதிலிருந்து பிரேக்கில் வந்து நிற்கும் வரை எந்த நொடியில் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பேண்ட் பொருந்தும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

கோஸ்டரில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. நின்ற இடத்திலிருந்து காந்த மோட்டாரால் உந்தித் தள்ளுவது ஒன்று. சங்கிலியால் மெதுவாக மேலே இழுத்துப் போய் விடுவது மற்றொன்று. இரண்டுக்கும் வேறு வேறு பாட்டு வேண்டும்.

ஏரோஸ்மித் கோஸ்டர் முதல் வகை. 2.8 நொடியில் மணிக்கு 92 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். உந்துதல் முடிகிற கணமும் பாட்டில் புதிய பார் (ஒரு தாளச் சுற்று) தொடங்குகிற கணமும் ஒன்றாக விழுந்தால்தான் உடம்புக்கும் காதுக்கும் ஒரே அடியாகத் தெரியும். பாருக்கு நான்கு பீட் (தாள அடி) என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 86 பீட் உள்ள பாட்டில் ஒரு பார் 2.8 நொடி வரும். 171 பீட் என்றால் அதே நேரத்தில் இரண்டு பார். 120 பீட் பாட்டை வைத்தால் 5.6 பீட் ஓடியிருக்கும். உந்துதல் பாரின் நடுவில் போய் முடியும். உட்கார்ந்திருப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தை, கம்ப்யூட்டரில் 2, 3 சதவீதம் கூட்டிக் குறைக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் டிரம்ஸ் ஒலி குழைந்துவிடும். அப்போது டெம்போவைத் தொடாமல், பாட்டு தொடங்கும் நொடியை முன்பின் நகர்த்திப் பாருங்கள்.

சங்கிலி வகை என்றால் கணக்கே வேறு. 47 மீட்டர் உயரத்துக்கு 30 டிகிரி சாய்வில் ஏற 94 மீட்டர் தடம் வேண்டும். நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் இழுத்தால் கிட்டத்தட்ட 38 நொடி. எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் அடிக்கும் பாட்டு இங்கே வீண். உச்சிக்குப் போகும் முன்பே காது பழகிப்போகும். அரை நிமிடம் மெல்லக் கட்டிக்கொண்டு வந்து பிறகு வெடிக்கிற பாட்டுதான் வேண்டும். குவீனின் ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’ பியானோவோடு நிதானமாகத் தொடங்கி, பிறகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 156 பீட்டுக்குத் தாவும். சங்கிலி ஏற்றத்துக்கென்றே செய்தது போன்ற அமைப்பு அது.

இப்படிப்பட்ட பாட்டு குறைந்தது மூன்று இருக்கிற பேண்டை மட்டும் பட்டியலில் வையுங்கள். ஒரே ஒரு பாட்டை நம்பி இறங்கினால், அதற்கு உரிமை கிடைக்காத அன்றே திட்டம் நின்றுவிடும்.

ஒரே பேண்டை வைப்பது நல்லதா, பயணிகளையே பாட்டைத் தேர்ந்தெடுக்கவிடுவது நல்லதா? – மதுரை வாசகி

இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃபுளோரிடாவில் 2009-இல் திறந்த ‘ஹாலிவுட் ரிப் ரைட் ராக்கிட்’டில் ஐந்து வகைகளில் 30 பாட்டு இருந்தது. இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்ட்டில் அதை மூடினார்கள்.

பயணிக்குச் சுதந்திரம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 30 பாட்டும் ஒரே வளைவில் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. பக்கத்தில் இருப்பவர் கேட்பது வேறு பாட்டு என்பதால் ரயில் முழுவதும் சேர்ந்து கத்துகிற சுகமும் போய்விடுகிறது. ஏரோஸ்மித் கோஸ்டரில் நடுவழியைப் பிடித்தார்கள்: பேண்ட் ஒன்று, ரயில் ஐந்து, ரயிலுக்கு ரயில் வேறு பாட்டு. ஒவ்வொரு ரயிலும் நீண்ட லிமோசின் கார் வடிவில் இருக்கும். முன்னால் அதற்கென்று ஒரு நம்பர் பிளேட்: ஒன்றில் ‘யூ கோ கேர்ள்’, இன்னொன்றில் ‘டூ ஃபாஸ்ட் ஃபார் யூ’. பிளேட்டைப் பார்த்தே என்ன பாட்டு வரும் என்று அடிக்கடி வருகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். மறுபடி வரிசையில் நிற்கவும் அது ஒரு காரணமாகிறது. எங்கள் ஓட்டு இந்த முறைக்கே.

ஓடும்போது பாட்டே கேட்பதில்லை, காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. விலையுயர்ந்த ஸ்பீக்கர் போட்டும் ஏன் இப்படி? – ஒலி அமைப்பாளர், திருச்சி

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம். பேண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

மணிக்கு 90 கிலோமீட்டரில் காது மடலை உரசும் காற்றே பெரிய இரைச்சல். அதில் பெரும்பகுதி தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கும். பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் அதே இடத்தில்தான் ஒலிக்கின்றன, அதனால் அவைதான் முதலில் மூழ்கும். 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி தப்பிக்கும்: கூர்மையான எலெக்ட்ரிக் கிட்டார், ஸ்னேர் டிரம், உயர்ந்த குரல். இந்த மூன்றும் தூக்கலாக உள்ள பேண்ட் கோஸ்டரில் ஜெயிக்கும். பாஸையே உயிராகக் கொண்ட இசை திறந்தவெளித் தடத்தில் மெலிந்துபோகும்.

ஸ்பீக்கர் தலையணைக்குள், காதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை இருக்கைக்கு அடியில் வையுங்கள். அந்த ஒலி காதுக்கு வருவதைவிட முதுகுக்கும் தொடைக்கும் அதிர்வாக வருவதுதான் முக்கியம். ஏரோஸ்மித் ரயில் ஒவ்வொன்றிலும் 120-க்கு மேற்பட்ட ஸ்பீக்கர் இருந்தது. அது கட்டடத்துக்குள் ஓடுவது, மழையும் வெயிலும் இல்லை. வெளியில் ஓடும் ரயில் என்றால் ஐபி65 தரத்துக்குக் குறையாத, தண்ணீரும் தூசியும் புகாத ஸ்பீக்கர் தேவை.

பழுதாவது பெரும்பாலும் ஸ்பீக்கர் அல்ல, கனெக்டர். நாள் முழுக்க அதிர்வதில் பின்கள் தளர்ந்து ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும். அதனால் திருகிப் பூட்டும் வகைக் கனெக்டரையே போடுங்கள். ரயில் ஓடும்போது அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கிடைக்காது என்றால், உள்ளே பேட்டரி வைத்து நிலையத்தில் நிற்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும். மாலையில் ஒலி குறைகிறது என்று யாராவது சொன்னால் ஆம்ப்ளிஃபையரைப் பிரிப்பதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்.

இன்னொன்று, நேரம் நழுவுவது. காலையில் சக்கரங்கள் குளிர்ந்திருக்கும்போது ரயில் மெதுவாக ஓடும். வெயில் ஏறினால் வேகம் கூடும். காலி ரயிலுக்கும் நிறைந்த ரயிலுக்கும்கூட வித்தியாசம் உண்டு. கிளம்பும்போது ‘ப்ளே’ அழுத்திவிட்டு விட்டால் முடிவில் சில நொடி விலகிவிடும். அதனால் பாட்டை மூன்று நான்கு துண்டாக வெட்டி, தடத்தில் சென்சார் வைத்து, ரயில் அதைக் கடக்கும்போது அடுத்த துண்டு தொடங்கும்படி செய்வார்கள். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் இரண்டு பார் கூடுதலாகச் சுழலவிட்டால் ஒட்டு தெரியாது. நடுவழியில் ரயில் நிற்க நேர்ந்தால் பாட்டு தானாக அணைந்து அறிவிப்பு கேட்க வேண்டும். இதில் மட்டும் சமரசமே கூடாது.

ஒரு பேண்டின் பெயரைப் பயன்படுத்த யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? – சென்னை வாசகர்

பலரும் நினைப்பது போல இது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை இல்லை. பாட்டை எழுதி மெட்டமைத்தவர்களின் உரிமை ஒன்று. அது பெரும்பாலும் பதிப்பு நிறுவனத்திடம் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை வேறு. அது ரெக்கார்ட் நிறுவனத்திடம் இருக்கும். பேண்டின் பெயரும் லோகோவும் வணிக முத்திரை. பாடகர், கிட்டாரிஸ்டின் முகத்தைச் சுவரில் வரைய அவரவர் சம்மதம் தனியாக வேண்டும். பொது இடத்தில் ஒலிபரப்ப அந்தந்த நாட்டு உரிமைச் சங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தியாவில் பாட்டுக்கு ஐபிஆர்எஸ், ஒலிப்பதிவுக்குப் பிபிஎல். பயணி கத்துவதைப் படம்பிடித்துப் பாட்டோடு சேர்த்து வீடியோவாக விற்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் தனி உரிமை.

ஒலிப்பதிவு கிடைக்காமல் பாட்டின் உரிமை மட்டும் கிடைத்தால், பேண்டையே மறுபடி பாடவைத்துப் பதிவு செய்யலாம். அதில் ஒரு வசதியும் உண்டு: உங்கள் தடத்தின் நீளத்துக்கே பாடி வாங்கிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று: எத்தனை ஆண்டு, பேண்ட் பிரிந்தால் என்ன ஆகும், பெயரை நீக்கிய பிறகும் தடத்தை ஓட்டலாமா.

ராக் பாட்டு வரிகள் பல குடும்பத்தோடு கேட்க முடியாதவையாக இருக்கின்றனவே? – ஈரோடு வாசகி

வரியை மாற்றலாம். ‘லவ் இன் அன் எலிவேட்டர்’ என்ற தங்கள் பாட்டை ஏரோஸ்மித்தே அந்தக் கோஸ்டருக்காக ‘லவ் இன் எ ரோலர் கோஸ்டர்’ என்று மாற்றிப் பாடினார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முழுப் பாட்டும் அடங்கப் போவதில்லை. சிக்கலான சரணத்தை வெட்டிவிட்டு முன்னிசை, பல்லவி, கிட்டார் தனி ஆவர்த்தனம் மூன்றையும் ஒட்டினாலே போதும். பாட்டே இல்லாமல் கிட்டாரை மட்டும் வைப்பதும் ஒரு வழி. கலிபோர்னியா டிஸ்னிலாந்தின் ஸ்பேஸ் மவுண்டன் என்ற கோஸ்டரில் 1996-இல் ரயிலுக்குள் இசை வைத்தபோது டிக் டேல் என்ற கிட்டாரிஸ்டின் வாசிப்புதான் ஒலித்தது. அங்கே எந்தப் பேண்டின் பெயர்ப் பலகையும் தேவைப்படவில்லை.

சத்தம் பிள்ளைகளின் காதைக் கெடுக்காதா? – திருநெல்வேலி வாசகர்

பாதுகாப்பு அளவாக அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்வது 85 டெசிபலில் எட்டு மணி நேரம்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். ஒன்றரை நிமிடப் பயணம் அதற்குள் அடங்கும். நிலையத்தில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்குத்தான் ஆபத்து. அங்கே 80-க்கு மேல் போக விடாதீர்கள்.

பேண்ட் பழசாகிவிட்டால் கோஸ்டர் என்ன ஆகும்? – சேலம் வாசகர்

பெயர் போகும், இரும்பு நிற்கும். பாரிஸ் டிஸ்னியில் 2002-இல் திறந்த ஏரோஸ்மித் கோஸ்டரை 2019-இல் மூடி, 2022-இல் அவெஞ்சர்ஸ் கதைக்கு மாற்றித் திறந்தார்கள். ஃபுளோரிடாவில் இருப்பதை மப்பெட்ஸ் பொம்மைகளுக்கு மாற்றப் போவதாக 2024-இல் அறிவித்தார்கள். அந்தப் பொம்மைகளுக்கே ‘எலெக்ட்ரிக் மேஹெம்’ என்று ஒரு பேண்ட் உண்டு. கற்பனை பேண்டுக்கு வயதாவதில்லை, உறுப்பினர்கள் பிரிவதில்லை, கூர்மையான தேர்வு.

தென் கரோலினாவின் மர்ட்டில் பீச்சில் நடந்தது இன்னும் கசப்பானது. 2008-இல் திறந்த ஹார்ட் ராக் பார்க்கில் லெட் செப்பலின் பெயரில் பெரிய கோஸ்டர் ஒன்று இருந்தது. ‘ஹோல் லாட்டா லவ்’ ஒலிக்க ரயில் ஏறும். அதே ஆண்டு பூங்கா திவாலானது. 2009-இல் வேறு பெயரில் திறந்தபோது கோஸ்டர் ‘டைம் மெஷின்’ ஆகிவிட்டது. தடத்தில் ஒரு வளைவுகூட மாறவில்லை. அதனால்தான் சொல்கிறோம்: பேண்டின் அடையாளத்தை ரயிலின் மேல்மூடி, நிலையத்தின் முகப்பு, ஒலி என்று கழற்றி மாற்றக்கூடியவற்றில் வையுங்கள். காங்கிரீட்டில் வார்க்காதீர்கள்.

பணம் கொட்டும் முன் ஒத்திகை பார்க்கவும் வழி இருக்கிறது. 2007-இன் தொடக்கத்தில் டிஸ்னிலாந்தின் ஸ்பேஸ் மவுண்டனில் சில மாதங்கள் மட்டும் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் பாட்டைப் போட்டார்கள். தடத்தைத் தொடவில்லை. இசையும் விளக்கும் மட்டும் மாறின.

நீங்கள் என்றால் எந்தப் பேண்டைத் தேர்ந்தெடுப்பீர்கள்? – புதுச்சேரி வாசகர்

அயர்ன் மெய்டன். 1975-இல் லண்டனில் தொடங்கிய குழு. கட்டி நிறுத்துவதற்குப் பொருள் வேண்டும் என்பதால்தான் இந்தத் தேர்வு. பிங்க் ஃபிளாய்டுக்கும் பறக்கும் பன்றி, சுவர், பட்டகம் எல்லாம் உண்டு, ஆனால் அவர்கள் இசையின் நடை கோஸ்டருக்கு நிதானம். இருட்டில் மெல்ல நகரும் சவாரிக்குத்தான் பொருந்தும். மெய்டனுக்கு ‘எடி’ என்ற எலும்பு முக உருவம் இருக்கிறது. உறுப்பினர்களின் முகத்தைச் சுவரில் வரைய வேண்டியதே இல்லை. 2008 சுற்றுப்பயணத்தில் ‘எட் ஃபோர்ஸ் ஒன்’ என்று பெயர் எழுதிய போயிங் 757 விமானத்தில் பறந்தார்கள். ஓட்டியவர் பாடகர் புரூஸ் டிக்கின்சன். ரயிலே அந்த விமானம், நிலையமே ஹேங்கர் என்ற விமானக் கொட்டகை, உந்துதல் பாதையே ரன்வே. வரிசையில் நிற்பவருக்குக் கதை சொல்லவே வேண்டாம்.

குழுவின் பாஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸின் பாஸ் குதிரைப் பாய்ச்சலாக ஓடும். அது காற்றில் மூழ்கும் என்று மேலே சொன்னோம். ஆனால் அதே பாய்ச்சலைக் கிட்டார்கள் மேல் ஸ்தாயியில் இணையாக வாசிக்கின்றன, டிக்கின்சனின் குரல் அதற்கும் மேலே நிற்கிறது. சப்வூஃபரை இருக்கைக்கு அடியில் வைத்தால் பாய்ச்சல் தொடையில் தெரியும். ஒரே சிக்கல், எடியைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள். பயணிகளின் குறைந்தபட்ச உயரத்தை 120 சென்டிமீட்டராக வைத்து, எடியின் பெரிய உருவத்தை நுழைவாயிலில் நிறுத்தாமல் உந்துதல் பாதையின் கடைசியில் நிறுத்த வேண்டும்.