தொழில்: இல்லை

அன்புள்ள ஐயா,

சென்ற ஐப்பசியில் எங்கள் ஆச்சி காலமானார். வயது 86. உடன்குடிப் பக்கம், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர். தாத்தா பனையேறி. ஆச்சி முப்பது வருடங்களுக்கு மேல் விடிலி என்னும் ஓலைக் குடிசையில் பதநீர் காய்ச்சினார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டார்.

முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் அச்சிடுகிறோம். "நீதானே படித்தவள், ஆச்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுது" என்று மாமா சொல்லிவிட்டார். 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர், தன்னலம் அறியாத தியாகி' என்று முதல் வரியை எழுதினேன். ஒரு வாரமாக அடுத்த வரி வரவில்லை. சித்தி மகள் படித்துவிட்டு, "தியாகம் தியாகம் என்று சொல்லித்தான் அவரை அடுப்படியிலேயே வைத்திருந்தார்கள், நீயும் அதையே எழுதாதே" என்றாள். அதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார். ஆச்சி எங்கள்மீது வைத்த பாசத்தை அடிமைத்தனம் என்று எழுத எனக்கும் மனம் வரவில்லை. எப்படித்தான் எழுதுவது?

இன்னொன்று. இறப்பைப் பதிவு செய்யப் படிவம் நிரப்பியபோது 'தொழில்' என்ற இடத்தில் மாமா 'இல்லை' என்று எழுதினார். பக்கத்தில் நின்ற நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தங்கள் வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

'இன்னொன்று' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மலரின் முதல் வரி அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படிவத்தில், தொழில் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுமாறு குறிப்பே இருக்கும். உங்கள் மாமா அதைத்தான் செய்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். என் ஆச்சி இறந்தபோது என் அப்பாவும் அப்படியே எழுதினார். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவன் நான். என் ஆச்சியும் விடிலியில் வெந்தவர்தான். அதே செம்மண் தேரிக்கு மறுபக்கம், சாத்தான்குளத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அதனால் உங்கள் கடிதத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

பனை ஏறுகிறவருக்குப் பனையேறி என்று பெயர் உண்டு. அவர் இறக்கிய பதநீரைக் கருப்பட்டியாக்கியவருக்கு ஒரு பெயர் இருந்து நான் கேட்டதில்லை. மரம் கொடுப்பது பதநீரைத்தான். கருப்பட்டி எந்த மரத்திலும் காய்ப்பதில்லை.

எட்டு, பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. மற்றதெல்லாம் ஆவியாகப் போயாக வேண்டும். அதற்கான விறகு, காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமுள்ளும். பொறுக்கிச் சேர்ப்பதும் ஆச்சிதான். தாத்தா விடியற்காலையில் இறக்கி வரும் பதநீர் யாருக்காகவும் காத்திருக்காது. கலயத்துக்குள் தடவிய சுண்ணாம்பு அதைக் கொஞ்ச நேரம் புளிக்காமல் காக்கும், அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். பன்னாடையில் வடித்து அகன்ற சட்டியில் ஊற்றுவார். நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்குவார். பிறகு மணிக்கணக்காக அந்தப் புகைக்குள் இருப்பு. வெளிறிய நீர் மஞ்சளாகி, மஞ்சள் செம்பழுப்பாகி, துடுப்பு கனக்கத் தொடங்கியதும் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விடுவார். அது கரையாமல் உருண்டு நின்றால் இறக்கலாம். சற்று முந்தினால் சிரட்டையில் ஊற்றியது இறுகாது. சற்றுப் பிந்தினால் கருகிவிடும். உயிரைப் பணயம் வைத்துத் தாத்தா ஏறி இறங்கிய அத்தனை மரங்களின் கூலியும் அந்த ஒரு நிமிடத்தில் ஆச்சியின் கையில் இருந்தது. மாசியில் தொடங்கினால் ஆடிவரை தினமும் இப்படி. மாசியில் என் பெரியப்பாவைப் பெற்ற என் ஆச்சி பங்குனியில் விடிலிக்குத் திரும்பிவிட்டாராம்.

இத்தனையையும் 'பாசம்' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். பாசம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் பாசம் மட்டும் இருந்தால் பாகு பதத்துக்கு வராது.

2019-ஆம் ஆண்டு ஒன்றிய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. அவ்வேலைகளைச் செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பது சமையல், பாத்திரம், துணி போன்றவற்றுக்கு மட்டும். உங்கள் ஆச்சி விடிலியில் நின்ற நேரம் இதில் சேராது. அது விற்பனைக்கான உற்பத்தி. தெளிவாகச் சொன்னால், அவர் ஒரு தொழிலைச் செய்தார். அதை முடித்து வந்து இந்த ஐந்து மணி நேரத்தையும் செய்தார்.

கருப்பட்டியை யார் விற்றது என்று விசாரித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஆச்சிதான் முடிவு செய்வார். பருவம் தொடங்கும் முன்பே வியாபாரிகள் முன்பணம் கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் அவர்கள் சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். ஒரு வருடம் தாத்தா வாங்கிக்கொண்டு வந்த முன்பணத்தை ஆச்சி மறுநாளே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த இரண்டு மாதம் வீட்டில் கூழ்தான். வைகாசியில் மலிந்து கிடக்கும்போது பாதியை மட்டும் விற்றுவிட்டு, மீதியை ஓலைப்பெட்டிகளில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார். ஈரக்காற்றில் கருப்பட்டி கசிந்துவிடும், புகை பட்டால் கெடாது. மழை மாதங்களில் விலை ஏறிய பிறகே பெட்டிகள் கீழே இறங்கும். என் அப்பா கல்லூரிக்குப் போனது அந்தப் பரண் பெட்டிகளில். தாத்தா படிக்க வைத்தார் என்றுதான் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதையே நம்பி வளர்ந்தேன். அத்தை சொல்லித்தான், நாற்பது வயதுக்கு மேல், எனக்குத் தெரிய வந்தது.

உங்கள் சித்தி மகள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அம்மா அழுவதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் ஆச்சியிடமிருந்து பறிக்கப்பட்டதைப் பார்க்கிறார், மற்றவர் ஆச்சி கொடுத்ததைப் பார்க்கிறார். இருவருமே ஆச்சி செய்ததைப் பற்றிப் பேசவில்லை. அதை எழுதுங்கள். எழுதினால், கொடுத்ததும் பறிக்கப்பட்டதும் தாமாகவே அதில் தெரியும். 'தியாகி' என்ற சொல்லை நீங்கள் அடிக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.

ஓரிடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டார் என்பதைப் பெருமையாக எழுதிவிட்டு நகர வேண்டாம். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது பானையில் என்ன மீந்திருந்தது என்பதையும் எழுதுங்கள். அம்மாவுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் பல இரவுகளில் மீந்தது வடிநீரும் ஒரு துண்டுக் கருப்பட்டியும்தான். அதை எழுதாமல் விட்டால் மலர் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

நாள், நட்சத்திரம், பேரன் பேத்திகளின் பட்டியல் எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் அவர் கையாண்ட பொருள்களைத் தேடுங்கள். துடுப்பு எங்கே கிடக்கிறது, சட்டியை யாருக்குக் கொடுத்தார்கள், விடிலி நின்ற இடத்தில் இப்போது என்ன இருக்கிறது. சீனி கலந்த கருப்பட்டியை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? என் ஆச்சி இரண்டாக உடைத்து உட்புறத்தைப் பார்ப்பார். மினுங்கினால் கீழே வைத்துவிடுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். பக்கத்து விடிலியில் நின்ற பெண்கள் யாராவது இன்னும் இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். அவர்களுக்கும் எண்பது கடந்திருக்கும்.

கடைசிக் காலத்தில் என் ஆச்சி எங்களோடு நகரத்தில் இருந்தார். பார்வை மங்கி, கடைசியில் முற்றிலும் போய்விட்டது. ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் என் மனைவி சமையலறையில் அதிரசத்துக்குக் கருப்பட்டிப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கட்டிலில் படுத்திருந்த ஆச்சி திடீரென்று, "இறக்கு, இறக்கு" என்றார். ஏதோ கனவு என்று நினைத்து நான் போர்வையைச் சரிசெய்தேன். "சத்தம் மாறிவிட்டது, இறக்கச் சொல்" என்று என் கையைத் தட்டிவிட்டார். மனைவி ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். உருண்டு நின்றது. கொதிக்கும் பாகின் சத்தத்திலேயே பதம் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதை அவர் யாரிடம் கற்றார், எந்த வயதில் கற்றார் என்று அன்று நான் கேட்கவில்லை. தைக்குள் அவர் போய்விட்டார்.

உங்கள் ஆச்சி பதத்தைக் கண்ணால் பார்த்தாரா, விரலால் தொட்டாரா, காதால் கேட்டாரா? அம்மாவிடம் இன்று மாலையே கேளுங்கள்.