மலையாள வசனம் மட்டும் கட்டமாக வருவது ஏன்?

பாசனக் கையேட்டையும் தமிழ் நாவலையும் ஒரே மென்பொருளில் செய்யலாமா, நாவலில் மலையாள வசனம் மட்டும் ஏன் கட்டமாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் ஒரே மென்பொருள் வேண்டாம். சூத்திரமும் அட்டவணையும் நிறைந்த சொட்டுநீர்ப் பாசனக் கையேடு கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் ஸீலேடெக்கிலேயே (XeLaTeX) இருக்கட்டும். பாலக்காட்டுச் சித்தூரில் நடக்கும் நாவலுக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் தாராளம்.

இப்போது ஸீலேடெக்கில் மலையாள வசனம் கட்டமாக வரக் காரணம், அநேகமாக உங்கள் தமிழ் எழுத்துருவில் மலையாள எழுத்துகளே இல்லை. ஸீலேடெக் ஓடும்போது எழுதிவைக்கும் லாக் கோப்பில் ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ (Missing character) என்று தேடுங்கள். வரிசையாக வந்தால் அதேதான். எழுத்துருவை அமைக்கும் ஃபான்ட்ஸ்பெக் (fontspec) தொகுப்பில் மஞ்சரி, ரச்சனா என்ற மலையாள எழுத்துருக்களில் ஒன்றைத் தனியாக அறிவித்து, ஸ்கிரிப்ட் மலையாளம் (Script=Malayalam) என்றும் குறிப்பிடுங்கள். ஸ்கிரிப்டைக் குறிப்பிடாமல் விட்டால் கூட்டெழுத்து உடைந்து, நம் புள்ளி போன்ற சந்திரக்கலைக் குறி துருத்திக்கொண்டு நிற்கும்.

ரைட்டரில் இந்தக் கட்டம் பெரும்பாலும் வராது, ஆனால் அதுவாகவே ஏதோ ஒரு எழுத்துருவைப் போட்டுவிடும். மலையாளத்துக்குத் தனி எழுத்துப் பாணி (கேரக்டர் ஸ்டைல்) வைத்து, அதில் மலையாள எழுத்துருவைக் குறிப்பிடுங்கள்.

அச்சகம், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் கோப்புதான் வேண்டும் என்றால், அதில் இந்திய எழுத்துகளைச் சரியாக அமைக்கும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைப் போட்டார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும்.