மாவோ ஷிமாடாவும் பதினேழு வயதும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். என் மகள் தரம் எட்டில் படிக்கிறாள். 2025 மார்ச் மாதம் பொஸ்டனில் நடந்த, பனித்தளத்தில் சறுக்கி ஆடும் உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியை விடியற்புறத்தில் எழுந்து, என்னையும் எழுப்பிவைத்துக் கைப்பேசியில் பார்த்தாள். இப்போது அவளுக்கு ஒரே கவலை. ஜப்பானின் மாவோ ஷிமாடா கனிஷ்ட உலகப் பட்டத்தை மூன்று முறை தொடர்ந்து வென்றிருக்கிறாராம். ஆனால் வயது போதாது என்பதால் 2026 பெப்ரவரியில் மிலான் ஒலிம்பிக்கில் ஆட முடியாதாம். இவ்வளவு திறமை உள்ள பிள்ளையைப் பிறந்த திகதிக்காக வாசலில் நிறுத்துவது நியாயமா? என் மாணவி ஒருத்தியும் இம்முறை வலயப் போட்டியில், சில வாரம் வயது கூடிவிட்டதென்று நீளம் பாய்தலில் இருந்து நீக்கப்பட்டாள். விதி எழுதுகிறவர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்களைத் தடுக்கத்தானே எழுதுகிறார்கள்?

— ஒரு வாசகி

அன்பின் சகோதரி,

உங்கள் மகளின் கவலைக்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லுங்கள். ஷிமாடாவுக்கு மாவோ என்று பெயர் வைத்ததே மாவோ அசாடா என்ற வீராங்கனையின் நினைவாகத்தான். அசாடா 1990 செப்டெம்பர் 25 இல் பிறந்தவர். 2005 டிசெம்பரில், டோக்கியோவில் நடந்த கிராண்ட் பிரி என்ற சர்வதேசத் தொடரின் இறுதிப் போட்டியில் தன்னைவிட மூத்தவர்களை வென்று முதலிடம் பெற்றார். இரண்டு மாதம் கழித்து டூரினில் ஒலிம்பிக் நடந்தபோது அவர் அங்கே இல்லை. அதற்கு முந்திய ஜூலை 1 ஆம் திகதிக்குள் பதினைந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அவருக்கு 87 நாள் குறைந்தது. பெயரோடு சேர்த்து அந்த இடரும் ஷிமாடாவுக்கு வந்திருக்கிறது. இவர் 2008 ஒக்டோபர் 30 இல் பிறந்தவர். இன்றைய வயது எல்லை பதினேழு. ஒலிம்பிக் நடக்கும் நாளில் இவருக்குப் பதினேழு நிறைந்திருக்கும். ஆனால் கணக்குப் பார்க்கும் நாள் 2025 ஜூலை 1. அன்றைக்கு நான்கு மாதம் குறைகிறது.

இவ்வளவும் தெரிந்தும் நான் இந்த விதியின் பக்கமே நிற்கிறேன். அதற்குக் காரணம் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்.

அப்போது எல்லை பதினைந்து. ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கும் பதினைந்து வயதுதான். 2021 டிசெம்பர் 25 இல் அவரிடம் எடுத்த மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்ற இதய மருந்து இருந்தது. குழுப் போட்டியில் அவர் ஆடி, அவருடைய அணி முதலிடம் பெற்ற பிறகுதான் அந்த முடிவு வெளியில் வந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை ஊக்கமருந்துச் சட்டம் தனியாக வைத்துப் பாதுகாக்கிறது. அதுவும் சேர்ந்துதான் தனிநபர் போட்டியில் அவரை ஆட விட்டார்கள். கூடவே, அவர் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் பதக்க விழாவே நடக்காது என்றும் அறிவித்தார்கள். அத்தனை சுமையோடு பனித்தளத்தில் இறங்கிய பிள்ளை திரும்பத் திரும்ப விழுந்தாள். முதலிடத்தில் இருந்தவள் நான்காம் இடத்துக்குப் போனாள். அழுதுகொண்டே வெளியே வந்தவளிடம், ஏன் போராடாமல் விட்டாய் என்று பயிற்றுநர் கேட்டார். கமரா அதையும் விடவில்லை. நான் அன்று தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

விளையாட்டு நடுவர் மன்றம் வலியேவாவுக்கு நான்காண்டுத் தடை விதித்தது 2024 ஜனவரியில். குழுப் போட்டியில் இரண்டாவதாக வந்த அமெரிக்க அணிக்குத் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டது 2024 ஓகஸ்டில், அதுவும் கோடைகால ஒலிம்பிக் நடந்த பாரிஸில். இதில் நன்மை அடைந்தவர் யார் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. பதக்கம் என்று வரும்போது அவள் பெரியவள், பொறுப்பு என்று வரும்போது அவள் குழந்தை. இரண்டையும் ஒரே பிள்ளையின் தலையில் வைத்தால் அவளுக்கும் அநியாயம், அவளோடு ஆடுகிறவர்களுக்கும் அநியாயம். பதில் சொல்லும் வயது வராத பிள்ளையை உலகத்தின் முன்னால் நிறுத்தக்கூடாது. என் வாதம் இவ்வளவுதான்.

உடம்பின் கணக்கும் ஒன்று உண்டு. காற்றில் நான்கு சுற்றுச் சுற்றித் தரையிறங்குவதற்கு ஒல்லியான சிறு உடம்பு வசதி. இடுப்பு அகன்று உயரம் கூடும்போது அதே தாவல் கைவிட்டுப் போகும். இது தெரிந்த பயிற்றுநர்கள் அந்தச் சில ஆண்டுகளுக்குள் பிள்ளையிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிடப் பார்ப்பார்கள். 2014 சோச்சியில் பதினைந்து வயதில் குழுத் தங்கம் வென்ற யூலியா லிப்னிட்ஸ்கயா, உணவை மறுக்கும் அனொரெக்சியா நோயோடு போராடிப் பத்தொன்பது வயதில் ஆட்டத்தை விட்டார். 2018 இல் பதினைந்து வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அலினா ஜாகிடோவா, பதினேழு வயதில் போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் 2022 ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடி, எல்லையைப் படிப்படியாகப் பதினேழுக்கு உயர்த்தியது. ஆதரவாக 100 வாக்குகள், எதிராக 16. தாமதம்தான், ஆனாலும் செய்தார்கள்.

பொஸ்டனில் வென்றது யார் என்று மகளிடம் கேளுங்கள். அலிசா லியூ. பதின்மூன்று வயதில் அமெரிக்கச் சம்பியனானவர், பதினாறு வயதில் போதும் என்று விலகியவர். விரும்பித் திரும்பி வந்து, பத்தொன்பது வயதில், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டத்தை வைத்திருந்த கவோரி சகமோட்டோவை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். வளர்ந்த பெண்ணாலும் வெல்ல முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பிடிக்காதவர்களைத் தடுக்கத்தானே என்று கேட்டீர்கள். அப்படியும் நடந்திருக்கிறது. 1902 இல் லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கு மேட்ஜ் சையர்ஸ் என்ற பெண் பெயர் கொடுத்தார். ஆண்கள் மட்டும்தான் ஆடலாம் என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை, பெண் ஒருத்தி வருவாள் என்று எவரும் நினைக்காததால். அவர் ஆண்களோடு ஆடி, உல்ரிக் சால்கோவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். உடனே விதி எழுதப்பட்டது: பெண்கள் ஆடக்கூடாது. நீண்ட பாவாடை கால்களை மறைப்பதால் நடுவர்களால் அசைவைப் பார்க்க முடியவில்லை என்பது அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. 1906 இல் பெண்களுக்குத் தனிப் போட்டி வைக்கும்வரை அவர் காத்திருந்து, அதையும் அடுத்த ஆண்டுப் போட்டியையும், 1908 இல் லண்டன் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். சையர்ஸைத் தடுத்த விதி அவர் யார் என்று பார்த்தது. எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அவர் ஆணாகியிருக்கப் போவதில்லை. ஷிமாடாவைத் தடுக்கும் விதி எப்போது என்று மட்டும்தான் கேட்கிறது. 2026 ஜூலையோடு அது தானாகவே விலகிவிடுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

உங்கள் மாணவியின் விடயத்துக்கு வருகிறேன். பாடசாலைப் போட்டிகளில் வயதுப் பதிவு மேசையில் பல காலம் இருந்தவன் நான். மட்டக்களப்பு வெபர் மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் கோப்புக்குள் மடித்து மடித்து நடுவில் கிழிந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் வரும். போர்க்காலத்தில் படுவான்கரைக் கிராமங்களில் பிறந்து, பதிவே செய்யப்படாமல் வளர்ந்த பிள்ளைகள் உத்தேச வயதுச் சான்றிதழோடு வருவார்கள். மாரி மழைக்குப் பிறகு பிறந்தவன், அந்த இடப்பெயர்வுக்கு முன்னம் பிறந்தவன் என்று தாய் சொன்னதைக் கேட்டு அதிகாரி ஒருவர் குறித்த திகதி அதில் இருக்கும். அந்தத் திகதியை வைத்துக்கொண்டு, ஓடத் தயாராகச் சப்பாத்துக் கட்டி நிற்கும் பிள்ளையிடம் உனக்கு இந்தப் பிரிவில் இடமில்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது அந்த மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் அவனைவிட இரண்டு வயது இளையவன் அவனோடு ஓடித் தோற்க வேண்டும்.

நம் பாடசாலை எல்லை மேலிருந்து போடுவது. மூத்த பிள்ளை இளையவர்களின் பிரிவுக்குள் இறங்கக்கூடாது என்பதற்காக. ஸ்கேட்டிங்கில் கீழிருந்து போடுகிறார்கள். உங்கள் மாணவிக்கு மேல் வயதுப் பிரிவில் இடம் இருந்திருக்கும். அங்கே அவளைப் பதியாமல் விட்டதுதான் எனக்கு வலிக்கிறது. அது விதியின் குற்றமல்ல, யாரும் நேரத்தோடு கணக்குப் பார்க்கவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி தொடங்கும்போதே பிள்ளைகளின் பிறந்த திகதிகளை எழுதி, யார் எந்தப் பிரிவு என்று அறிவித்தல் பலகையில் போட்டுவிடுங்கள். ஷிமாடாவுக்குத் தன் வயதுக் கணக்கு 2022 இலேயே தெரியும். போட்டி நாள் காலையில் மைதானத்தில் வைத்து அதை அறிவதுதான் கொடுமை.

மகள் தொடர்ந்து பார்க்கப்போகிறாள் என்பதால் இன்னும் இரண்டு விடயம். பொஸ்டனில் பெற்ற ஒலிம்பிக் வாய்ப்பு ஆளுக்கு அல்ல, நாட்டுக்கு. ஒரு நாட்டின் முதல் இருவரின் இடங்களைக் கூட்டினால் பதின்மூன்றுக்கு மேல் போகக்கூடாது. அப்போதுதான் அந்த நாட்டால் மிலானுக்கு மூவரை அனுப்ப முடியும். அமெரிக்காவுக்கு ஒன்றும் நான்கும், ஜப்பானுக்கு இரண்டும் மூன்றும். இரண்டுமே ஐந்து. யாரை அனுப்புவது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கும். மற்றது, சோடியாக ஆடுகிறவர்களில் ஒருவர் மட்டும் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் உலகப் போட்டிக்குப் போதும். ஒலிம்பிக்கில் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். பிரான்ஸில் பிறந்த புரூனோ மசோ ஜெர்மன் மொழிப் பரீட்சையில் முதலில் தோற்று, மீண்டும் எழுதி, 2017 நவம்பரில் குடியுரிமை பெற்றார். அடுத்த பெப்ரவரியில் அல்யோனா சவ்சென்கோவோடு ஆடி ஜெர்மனிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

அசாடாவுக்கு என்ன ஆனது என்று மகள் கட்டாயம் கேட்பாள். 2010 வான்கூவரில் கிம் யூனாவுக்கு அடுத்ததாக வெள்ளி வென்றார். உலகப் பட்டத்தை 2008, 2010, 2014 என மூன்று முறை வென்றார். 2025-26 பருவத்திலும் ஷிமாடா கனிஷ்ட பிரிவில்தான். கனிஷ்ட கிராண்ட் பிரி போட்டிகள் ஓகஸ்டில் தொடங்கும், ஒன்றியத்தின் யூடியூப் பக்கத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஐரோப்பாவில் நடக்கும் போட்டிகள் நமக்குப் பின்னேரமும் இரவுமாக வரும், அவள் விடியற்புறத்தில் எழும்ப வேண்டியிருக்காது.